சவுக்குத் தடுப்புக்கு இரண்டு பக்கம்

பொதுக்கூட்டத்துக்குத் தடுப்பு கட்டும்போது குறுக்குக் கம்பை எந்தப் பக்கம் வைப்பது என்பதில்தான் எங்கள் தொழிலின் பாலபாடம் தொடங்குகிறது. நட்ட கம்புக்குக் கூட்டம் நிற்கும் பக்கமாகத்தான் குறுக்குக் கம்பு வர வேண்டும். ஜனம் நெருக்கும்போது அது நட்ட கம்பின்மேல் சாயும். மண்ணுக்குள் புதைந்திருக்கும் கம்பு பாரத்தை வாங்கிக்கொள்ளும். மேடைப் பக்கம் வைத்துக் கட்டினால் அத்தனை பாரமும் கயிற்று முடிச்சில் ஏறும். முடிச்சு நழுவிவிட்டால் முன்வரிசையில் நிற்பவர்கள் ஒருவர்மேல் ஒருவராக விழுவார்கள்.

இதை எனக்குச் சொல்லிக்கொடுத்தவர் என் அப்பா. நசரத்பேட்டையில் பந்தல் சாமான் வாடகைக் கடை வைத்திருந்தார். கல்யாணம், காதுகுத்து, கோயில் திருவிழா, கருமாதி என்று கீற்றுப் பந்தல் போட்டுக்கொண்டிருந்தவருக்குத் தேர்தல் காலத்தில் கட்சிக் கூட்டங்களும் வரும். அவருக்குப் பிறகு நான் பார்த்துக்கொள்கிறேன். சவுக்கும் தேங்காய்நார்க் கயிறும் இருந்த இடத்தில் இன்றைக்குப் பெரும்பாலும் இரும்புக் குழாயும் கிளாம்பும் வந்துவிட்டன. குறுக்குக் கம்பு எந்தப் பக்கம் என்கிற பாடம் மாறவில்லை.

எங்கள் ஊர் பெங்களூர் நெடுஞ்சாலையின் மேலேயே இருக்கிறது. பூந்தமல்லி தாண்டினால் நாங்கள். எங்களைத் தாண்டினால் செம்பரம்பாக்கம், அப்புறம் ஸ்ரீபெரும்புதூர். 1991 மே 21 இரவு ராஜீவ் காந்தி இந்த வழியாகத்தான் போனார். மீனம்பாக்கத்தில் விமானம் இறங்கி, போரூரிலும் பூந்தமல்லியிலும் நின்று பேசிவிட்டு, காங்கிரஸ் வேட்பாளர் மரகதம் சந்திரசேகருக்காக ஸ்ரீபெரும்புதூர் மைதானத்துக்குப் போனார். ரோட்டோரம் நின்று அந்தக் கார்களைப் பார்த்தவர்களில் நானும் ஒருவன். இரவு சுமார் 10.20 மணிக்குக் குண்டு வெடித்தது.

அந்த மேடையும் தடுப்பும் நாங்கள் கட்டியவை அல்ல. ஆனாலும் அன்றிலிருந்து எங்கள் தொழிலில் இருப்பவர்கள் இரண்டு பேர் சேர்ந்து உட்கார்ந்தால் பேச்சு அங்கே போய்த்தான் நிற்கும். குண்டைக் கட்டிக்கொண்டு சந்தன மாலையோடு வந்த தணு என்ற பெண் ராஜீவுக்கு அவ்வளவு கிட்டத்தில் வந்தது எப்படி? மாலை போடுகிறவர்களுக்கு ஒரு பட்டியல் போட்டிருந்தார்கள்; அதில் அவள் பெயர் இல்லை. அனுசூயா என்ற பெண் சப்-இன்ஸ்பெக்டர் அவளைத் தடுத்தார். எல்லாருக்கும் வாய்ப்பு கிடைக்கட்டும் என்று ராஜீவே சொல்லவும் அவர் விலகிக்கொண்டார். தணு குனிந்தாள். இடுப்பில் கட்டியிருந்த வெடிமருந்துப் பட்டையில் ஆயிரக்கணக்கான சின்னச் சின்ன எஃகுக் குண்டுகள் பதித்திருந்ததைத் தமிழ்நாடு தடய அறிவியல் கூடத்தின் இயக்குநர் டாக்டர் பி. சந்திரசேகரன் துண்டு துண்டாகச் சேர்த்து நிரூபித்துக் காட்டினார்.

ராஜீவோடு 15 பேர் செத்தார்கள். அதில் 9 பேர் போலீஸ்காரர்கள். காயம்பட்டவர்கள் 43 பேர். குண்டு கட்டி வந்த தணுவும், அதைப் படமெடுக்க அனுப்பப்பட்ட ஹரிபாபுவும் இந்தக் கணக்கில் சேரமாட்டார்கள். இறந்தவர்களில் மாவட்டக் காவல் கண்காணிப்பாளர் முகமது இக்பால் இருந்தார், இன்ஸ்பெக்டர் ராஜகுரு இருந்தார், ராஜீவின் கூடவே வந்த டெல்லி பாதுகாவலர் பிரதீப் குப்தா இருந்தார். கவிதை சொல்ல வந்த ஒரு சிறுமியும் அவள் அம்மாவும் இருந்தார்கள். உலகமெல்லாம் ஒரு பெயரைச் சொல்லித் துக்கப்பட்டது. இந்த மற்றப் பெயர்களை எங்கள் ரோட்டில் இருக்கிறவர்களாவது சொல்ல வேண்டும் என்று நினைக்கிறேன். தடுப்பு ஓரத்தில் நின்றவர்கள் அவர்கள்.

இந்தக் கொலைக்கு அரசாங்கங்கள் என்ன பதில் நடவடிக்கை எடுத்தன என்பது வரலாற்றில் இருக்கிறது. நாட்டின் மிச்சமிருந்த தேர்தல் கட்டங்களை ஜூன் 12, 15 தேதிகளுக்குத் தள்ளிவைத்தார்கள். மே 24 இறுதிச் சடங்குக்கு அமெரிக்கத் துணை அதிபர் டான் குவேல், பிரிட்டன் இளவரசர் சார்லஸ், பாகிஸ்தான் பிரதமர் நவாஸ் ஷெரீப், பாலஸ்தீனத் தலைவர் யாசர் அராபத் வந்தார்கள். டி.ஆர். கார்த்திகேயன் தலைமையில் சிறப்புப் புலனாய்வுக் குழு அமைந்தது. சென்னை கிரீன்வேஸ் ரோட்டில் மல்லிகை என்ற கட்டடத்தில் அவர்கள் வேலை பார்த்தார்கள். ஹரிபாபு செத்தாலும் அவனுடைய காமிரா பிழைத்தது. அந்தப் படங்களிலிருந்துதான் புலனாய்வு நூல் பிடித்தது. ஆகஸ்டில் பெங்களூர் அருகே கோணனகுண்டேயில், சதியை நடத்திய சிவராசனும் கூட்டாளிகளும் பிணமாகக் கிடைத்தார்கள். 1992 மே 20-இல் குற்றப்பத்திரிகை. அதற்கு ஒரு வாரம் முன்பு, மே 14-இல், தணுவை அனுப்பிய விடுதலைப் புலிகள் இயக்கத்தை இந்தியா தடை செய்தது.

உலகம் மெதுவாகப் பின்னால் வந்தது. அமெரிக்கா 1997-இல் புலிகளைப் பயங்கரவாதப் பட்டியலில் சேர்த்தது. பிரிட்டன் 2001-இல், கனடாவும் ஐரோப்பிய ஒன்றியமும் 2006-இல். குண்டுவெடிப்புப் பயங்கரவாதத்தை ஒடுக்க ஐ.நா. பொதுச்சபை 1997 டிசம்பரில் ஒரு உடன்படிக்கையை ஏற்றது. பயங்கரவாதத்துக்குப் போகும் பணத்தை எல்லா நாடுகளும் அடைக்க வேண்டும் என்று பாதுகாப்பு கவுன்சில் 1373-ஆம் தீர்மானம் போட்டது 2001 செப்டம்பரில், நியூயார்க் தாக்குதலுக்கு அப்புறம். ஸ்ரீபெரும்புதூருக்கும் அந்தத் தீர்மானத்துக்கும் நடுவில் பத்து ஆண்டு ஓடிவிட்டது.

அந்தப் பத்து ஆண்டில் இலங்கையில் என்ன நடந்தது என்று பாருங்கள். 1993 மே தின ஊர்வலத்தில் அதிபர் பிரேமதாசா கொல்லப்பட்டார். 1994 அக்டோபரில் கொழும்புத் தேர்தல் கூட்டத்தில் அதிபர் வேட்பாளர் காமினி திசாநாயக்க, அவரோடு ஐம்பதுக்கும் மேற்பட்டவர்கள். 1999 டிசம்பரில் கொழும்புக் கூட்டம் ஒன்றில் குண்டு வெடித்து அதிபர் சந்திரிகா குமாரதுங்கவுக்கு ஒரு கண் பார்வை போனது. மூன்றும் ஜனக் கூட்டத்தின் நடுவில் நடந்தவை. பந்தல் வேலைக்காரனாக எனக்கு இதில் தெரிவது ஒன்று. பட்டியலும் தீர்மானமும் தேவைதான். பணத்தையும் ஆயுதத்தையும் தூரத்திலேயே மறிக்க வேறு வழி கிடையாது. ஆனால் எல்லாவற்றையும் தாண்டி ஒருவர் மைதானம் வரைக்கும் வந்துவிட்டால், மிச்சம் இருப்பது ஒரு கை நீளத் தூரம்தான். அந்தத் தூரத்தைக் காப்பாற்றும் வேலை ஊரில் இருக்கிற போலீஸ்காரருக்கும், கட்சிக்காரருக்கும், எங்களுக்கும் உரியது.

ராஜீவ் கொலையில் பாதுகாப்புக் குறைகளை விசாரித்த நீதிபதி ஜே.எஸ். வர்மா ஆணையமும் இதைத்தான் சொன்னது. 1991 மே மாதக் கடைசியில் அமைத்து, மறு ஆண்டு ஜூனில் அறிக்கை கொடுத்தார்கள். 1989-இல் ஆட்சி போன பிறகு ராஜீவுக்கு, பிரதமரைக் காக்கும் சிறப்புப் படையான எஸ்.பி.ஜி.யின் பாதுகாப்பை விலக்கிக்கொண்ட மத்திய அரசு, அதற்கு ஈடான மாற்று ஏற்பாடு செய்யவில்லை என்றது. மாநிலக் காவல்துறையின் குறைகளைச் சொன்னது. கட்சிக்காரர்கள் பாதுகாப்பு ஒழுங்குக்கு ஒத்துழைக்கவில்லை என்றும் சொன்னது. இதில் முதல் பகுதிக்கு அறிக்கை வரும் முன்பே சட்டத்தில் மருந்து கிடைத்தது. 1991-லேயே எஸ்.பி.ஜி. சட்டத்தைத் திருத்தி முன்னாள் பிரதமர்களுக்கும் குடும்பத்துக்கும் பாதுகாப்பு நீட்டினார்கள். பின்னால் 2003-இல் சுருக்கி, 2019-இல் பதவியில் இருக்கும் பிரதமருக்கும் அவரோடு வசிக்கும் குடும்பத்துக்கும், பதவி போனால் ஐந்து ஆண்டுக்கும் என்று ஆக்கினார்கள். கட்சிக்காரர்களைப் பற்றிய கடைசிப் பகுதிக்கு எந்தச் சட்டத் திருத்தமும் கிடையாது. அது ஒவ்வொரு கூட்டத்திலும் மைதானத்தில்தான் தீர்மானமாகிறது.

டெல்லியில் போட்ட உத்தரவு எங்கள் கைக்கு எப்படி வந்து சேர்ந்தது என்பதைச் சொல்கிறேன். அதற்கு முன்னால் எங்கள் பக்கத்தில் தடுப்பு என்றால் இரண்டு வரிசைக் கயிறு, கொஞ்சம் சவுக்கு. எவ்வளவு உயரம், எவ்வளவு இடைவெளி என்பதை அப்பாவும் வட்டச் செயலாளரும் டீக்கடையில் நின்று பேசி முடிப்பார்கள். 1991-க்குப் பிறகு ஒரு வரைபடம் வந்தது. மேடை எங்கே, தலைவர் வரும் வழி எங்கே, பொதுமக்கள் வரும் வழி எங்கே, இரண்டும் எந்த இடத்திலும் ஒன்றையொன்று தொடக்கூடாது. மேடைக்கு முன்னால் 'டி' எழுத்து வடிவத்தில் ஒரு காலி இடம் விட வேண்டும். அதற்குள் யாரும் நிற்கக்கூடாது. தடுப்பில் சாய்ந்து கை நீட்டினாலும் மேடையைத் தொட முடியாது. எறிந்தாலும் விழுவது காலி இடத்தில்.

பெரிய தலைவர்கள் என்றால் முன்கூட்டியே ஒரு குழு வந்து பார்க்கும். ஏ.எஸ்.எல். என்பார்கள். மைதானத்தில் நடந்துகொண்டே மாவட்ட அதிகாரிகள், கட்சிக்காரர்கள், பொதுப்பணித் துறை, மின்வாரியம், தீயணைப்புத் துறை எல்லாரையும் வைத்துப் பேசி எழுதிக்கொள்வார்கள். மேடை எவ்வளவு பாரம் தாங்கும் என்று பொதுப்பணித் துறை இன்ஜினீயர் பார்த்துக் கையெழுத்துப் போட வேண்டும். மேடைக்கு அடியில் துணி போர்த்தி மறைப்பதைக்கூட அவர்கள் பார்வைக்குப் பிறகுதான் செய்ய முடியும். வெடிகுண்டு கண்டறியும் பிரிவினர் மோப்ப நாயோடு வந்து, கம்பு நட்ட குழி, பூத்தொட்டி, ஜெனரேட்டர், மைக் ஸ்டாண்ட் எல்லாவற்றையும் சோதித்துவிட்டு இடத்தைத் தங்கள் வசம் எடுத்துக்கொள்வார்கள். அதற்கப்புறம் ஒரு ஆணி அடிக்க வேண்டும் என்றாலும் பாஸ் வைத்திருக்கிற ஆள்தான் போக வேண்டும், கூட ஒரு போலீஸ்காரர் வருவார். என் ஆட்களின் பெயர், அப்பா பெயர், ஊர் எல்லாம் முன்னாடியே ஸ்டேஷனுக்குப் போயிருக்கும்.

இதில் ஒரு வலியும் உண்டு. 1991-க்கு முன்னால் எங்களுக்கு வளைவுப் பலகை எழுதித் தர இலங்கைத் தமிழர் ஒருவர் வருவார். அகதி முகாமில் இருந்தவர். தமிழ் எழுத்தை அவரைப்போல நிமிர்த்தி எழுதுகிறவரை நான் அதற்குப் பிறகு பார்த்ததில்லை. மே மாதத்துக்கு அப்புறம் அவர் பெயர் எந்தப் பட்டியலிலும் ஏற முடியவில்லை. அவரை வேலைக்குக் கூப்பிடுவதே சந்தேகத்துக்கு இடம் என்று ஆகிவிட்டது. முகாமிலும் கெடுபிடி கூடிவிட்டது. 1992-இல் அகதிகளைத் திருப்பி அனுப்பத் தொடங்கினார்கள். அந்தச் சில ஆண்டுகளில் சுமார் 54,000 பேர் போனார்கள். விரும்பித்தான் போகிறார்களா என்று பார்க்க ஐ.நா. அகதிகள் அமைப்புக்குச் சென்னையில் அலுவலகம் வைக்க அனுமதி கிடைத்தது. எங்கள் எழுத்துக்காரரும் கப்பல் ஏறினார். போகும் முன் அப்பாவிடம், "ஐயா, அந்தப் பிள்ளை செய்ததுக்கு நாங்க எல்லாரும் கட்டுறம்" என்று சொன்னார். ஒரு தாக்குதலுக்குப் பதில் சொல்லும்போது ஒரு அரசாங்கம் யார் மேல் கை வைக்கிறது என்பதும் பாதுகாப்போடு சேர்ந்த விஷயம்தான். அவரைப் போன்றவர்கள் நம்மேல் வைத்த நம்பிக்கை போனால், சந்தேகப்படும்படி யாராவது வந்தால் நமக்குச் சொல்ல ஆள் இருக்கமாட்டார்கள்.

வழக்கு விசாரணை எங்களுக்குப் பக்கத்தில், பூந்தமல்லியில், தடா எனப்பட்ட பயங்கரவாதத் தடைச் சட்டத்தின் சிறப்பு நீதிமன்றத்தில்தான் நடந்தது. மூடிய அறைக்குள் நடந்த விசாரணை. 1998 ஜனவரி 28 அன்று நீதிபதி வி. நவநீதம் 26 பேருக்கும் தூக்கு என்றார். அன்று பூந்தமல்லி முழுக்க போலீஸ். 1999 மே 11-இல் உச்ச நீதிமன்றம் நான்கு பேருக்குத் தூக்கையும் மூன்று பேருக்கு ஆயுளையும் வைத்துக்கொண்டு 19 பேரை விட்டுவிட்டது. பயங்கரவாதத் தடைச் சட்டக் குற்றம் இதில் பொருந்தாது, கொலைச் சதிதான் என்றது. அந்த ஏழு பேரில் யாரும் தூக்கில் போகவில்லை; 2022-இல் மே மாதம் பேரறிவாளனும் நவம்பரில் மற்ற ஆறு பேரும் வெளியே வந்தார்கள். இதில் எனக்கும் என் சொந்தக்காரர்களுக்கும் இடையிலேயே ஒரே கருத்து இல்லை. நான் இங்கே சொல்ல வந்தது தீர்ப்பைப் பற்றி அல்ல. ஒரு கை நீளத் தூரத்தை அன்றிரவு காப்பாற்றியிருந்தால், முப்பத்தொரு ஆண்டு நீண்ட இந்த வழக்கே வந்திருக்காது.

பூந்தமல்லித் தீர்ப்பு வந்த சில நாளில், 1998 பிப்ரவரி 14-இல், கோயம்புத்தூர் வெடித்தது. ஆர்.எஸ். புரத்தில் பா.ஜ.க. தலைவர் அத்வானி பேச இருந்த தேர்தல் கூட்டத்தை ஒட்டித் தொடர் குண்டுகள். 58 பேர் இறந்தார்கள். அத்வானி வந்த விமானம் தாமதமானதால் அவர் தப்பினார். செத்தவர்கள் கடைத்தெருவில் இருந்தவர்களும் ஆஸ்பத்திரிப் பக்கம் போனவர்களும். அதற்கப்புறம் எங்கள் பக்கக் கூட்டங்களில் கதவு வடிவ மெட்டல் டிடெக்டரும் கைச் சோதனையும் சாதாரணமாகிவிட்டன. கூட்டத்துக்கு இருநூறு அடி தள்ளித்தான் வண்டி நிறுத்தம் என்றும் சொல்ல ஆரம்பித்தார்கள்.

இத்தனைக்கும் பிறகு ஒரு கூட்டத்தில் பாதுகாப்பு எங்கே உடைகிறது என்றால், அந்தக் கடைசிப் பத்து நிமிஷத்தில். எல்லாச் சோதனையும் முடிந்து இடம் மூடியிருக்கும். தலைவரின் கார் சைரன் கேட்கும். ஒன்றியச் செயலாளரோ மாவட்டமோ ஓடி வருவார். "அண்ணே, ரெண்டு கம்பு மட்டும் எடுத்து விடுங்க, மகளிரணி மாலையோட நிக்குது, தலைவர் கோவிச்சுக்குவாரு."

"பட்டியல்ல பேர் இருந்தா அந்த வழியா வரச் சொல்லுங்க, தலைவரே. ஐயா கையெழுத்துப் போட்டுட்டார். இனிமே கயித்த நான் தொட முடியாது."

"நம்ம ஜனம்தானே அண்ணே!"

நம்ம ஜனம்தானே என்கிற பேச்சை நான் கேட்காத கூட்டமே இல்லை. பாசத்தில் சொல்கிறார்கள். தலைவரும் பாசத்தில்தான் கூட்டத்தைப் பார்த்துக் கை நீட்டுகிறார். ஜனத்தைத் தொடாமல் அரசியல் செய்ய முடியாது என்பதும் நிஜம். அந்தப் பாசத்தின் இடைவெளியில்தான் ஸ்ரீபெரும்புதூரில் ஒருத்தி நுழைந்தாள். ஆகவே நான் என் ஆட்களுக்குச் சொல்லியிருக்கிறேன்: கையெழுத்தான தடுப்பைத் திறக்கச் சொல்லி யார் வந்தாலும், எவ்வளவு பெரிய கட்சிக்காரராக இருந்தாலும், பந்தோபஸ்து இன்ஸ்பெக்டரிடம் கூட்டிக்கொண்டு போ, நீ முடிவு எடுக்காதே. இதனால் சில வேலைகள் கைவிட்டுப் போயின. பரவாயில்லை.

தடுப்புக்கு இரண்டு பக்கம் உண்டு. 1991-க்குப் பிறகு அரசாங்கம் கற்றுக்கொண்டது எல்லாம் மேடைப் பக்கம். கூட்டத்தின் பக்கம் அந்த அளவுக்குக் கவனம் வரவில்லை. தலைவரைக் காக்க நெருக்கமாகத் தடுப்புப் போட்டால், ஜனத்தை உள்ளே அடைத்துவைத்தது மாதிரி ஆகிவிடும். அதனால்தான் மைதானத்தை ஒரே பரப்பாக விடாமல் பெட்டி பெட்டியாகப் பிரித்துக் கட்டுகிறோம். பெட்டிக்கும் பெட்டிக்கும் நடுவில் நடைவழி. தண்ணீர் கொண்டுபோகவும், மயங்கினவரைத் தூக்கி வரவும் அதுதான் வழி. பின்னால் இருந்து தள்ளும் வேகம் ஒரு பெட்டியோடு நின்றுவிடும். முன்வரிசையில் இருக்கிற பொம்பளைகள், பிள்ளைகள்மேல் மொத்தக் கூட்டத்தின் பாரமும் ஏறாது. வெளியே போகிற வாசல்கள் வெளிப்பக்கம் திறக்க வேண்டும், ஒரு ஆள் கயிற்றை இழுத்தால் திறந்துகொள்ள வேண்டும். இதற்குக் கூடுதலாகக் கம்பும் ஆளும் பிடிக்கும். கணக்குப் போடும்போது முதலில் வெட்டுவது இதைத்தான்.

2025 செப்டம்பர் 27-இல் கரூரில் நடிகர் விஜய் பேச வந்த இடத்தில் நெரிசலில் 41 பேர் இறந்தார்கள். அது பயங்கரவாதத் தாக்குதல் அல்ல. யார் மேல் தவறு என்று சொல்லும் இடத்தில் நானும் இல்லை. ஆனால் அந்தச் செய்தியைப் பார்த்தபோது, ஸ்ரீபெரும்புதூரில் செத்த அந்தச் சிறுமியும் அவள் அம்மாவும் என் மனதில் வந்தார்கள். ஒரு தலைவரைப் பார்க்க ஆசையாக வந்தவர்கள். அவர்கள் உயிரைக் காப்பதற்கு என்று எழுதப்பட்ட ஒரு வரைபடம் இரண்டு இடத்திலும் தேவைப்பட்டது.

ஸ்ரீபெரும்புதூர் நினைவிடத்தை 2003-இல் குடியரசுத் தலைவர் அப்துல் கலாம் திறந்துவைத்தார். மே 21-ஐப் பயங்கரவாத எதிர்ப்பு நாளாக வைத்து அரசு அலுவலகங்களில் உறுதிமொழி எடுக்கிறார்கள். எடுக்கட்டும். அதோடு, அன்றைக்கு ஒவ்வொரு மாவட்டத்திலும் பந்தல்காரர்களையும், கட்சிகளின் ஒன்றியச் செயலாளர்களையும், ஸ்டேஷன் இன்ஸ்பெக்டர்களையும் ஒரே இடத்தில் உட்காரவைத்து, வர்மா அறிக்கை சொன்னதைத் தமிழில் ஒரு மணி நேரம் படித்துக் காட்டச் சொல்கிறேன். கம்பு கட்டுகிறவனுக்கு ஏன் கட்டுகிறோம் என்பது தெரிந்திருந்தால் அவன் அவிழ்க்கமாட்டான்.

அனுமதிக் காகிதத்தில் மேடைக்கு இன்ஜினீயர் கையெழுத்து கேட்கிறார்கள். கூட்டம் நிற்கும் பெட்டிகளுக்கும், நடைவழிக்கும், வெளிவாசலுக்கும் அதே கையெழுத்தைக் கேளுங்கள். அந்த வரைபடத்தில் போலீஸ், கட்சி, பந்தல்காரன் மூன்று பேரும் கையெழுத்துப் போடட்டும். போட்ட பிறகு தலைவரே சொன்னாலும் ஒரு கம்பும் நகரக்கூடாது என்று அதிலேயே எழுதுங்கள். கடைசி ஆள் மைதானத்தை விட்டு வெளியே போகும் வரை பந்தோபஸ்து முடியவில்லை என்றும் எழுதுங்கள். எழுதிக் கொடுத்தால், அதன்படி கட்டித் தர நாங்கள் இருக்கிறோம்.